காண்டர் பிழைத்தது, அதன் பேன் பிழைக்கவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

1987 ஏப்ரல் 19 அன்று கலிஃபோர்னியாவின் பிட்டர் கிரீக் வனவிலங்குப் புகலிடத்தில் ஓர் ஆண் காண்டரை வலையில் பிடித்தார்கள். அதன் குறியீடு ஏசி-9. அதைப் பிடித்த பிறகு காட்டில் ஒரு கலிஃபோர்னியா காண்டர்கூட மிச்சமில்லை. உலகத்தில் உயிரோடு இருந்த காண்டர்கள் மொத்தம் 27. எல்லாமே சான் டியேகோ வனவிலங்குப் பூங்காவின் கூண்டுகளிலும் லாஸ் ஏஞ்சலஸ் விலங்குக் காட்சிசாலையின் கூண்டுகளிலும் இருந்தன. வட அமெரிக்காவிலேயே பெரிய நிலப் பறவை, இறக்கை விரித்தால் ஏறத்தாழ 3 மீட்டர் அகலம் வரும் பாறு (பிணந்தின்னிக் கழுகு), கம்பி வலைக்குள் அடைக்கப்பட்டுத்தான் பிழைக்கவேண்டிய நிலைக்கு வந்திருந்தது.

அந்த முயற்சி பலித்தது. இன்று 500க்கும் மேற்பட்ட காண்டர்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் வெளியே பறக்கின்றன. பறவைப் பாதுகாப்பில் இதற்கு இணையான மீட்பு மிகக் குறைவு. அதில் உழைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவது அதே முயற்சிக்குள் நடந்த ஓர் அழிவைப் பற்றி.

காண்டரின் இறகுகளுக்கிடையே ஒரு பேன் வாழ்ந்தது. கோல்போசெஃபலம் கலிஃபோர்னிசி என்று பெயர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ரோஜர் பிரைஸ், ஜேம்ஸ் பியர் இருவரும் பருந்து, கழுகு வகைகளின் பேன்களை ஆராய்ந்து 1963ல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கூண்டுக்கு வந்த காண்டர்களுக்குப் பேன் மருந்து போட்டார்கள். அதோடு அந்த இனம் முடிந்தது. பாதுகாப்பு நடவடிக்கையே ஓர் உயிரினத்தை அழித்ததற்கு ஒட்டுண்ணியியலாளர்கள் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான்.

அந்தப் பேன் யார்?

பேன் என்றதும் நமக்குத் தலைப்பேன் நினைவுக்கு வரும். அது ஊசி போன்ற வாயால் ரத்தம் உறிஞ்சுவது. பறவைகளின் மேல் இருப்பவை மெல்லும் பேன்கள். தலை அகலமாக, உடல் தட்டையாக இருக்கும், வாயில் கடிக்கும் தாடைகள் இருக்கும். கோழி வளர்ப்பவர்களுக்கு இவை பழக்கம்தான். உலகில் ஏறத்தாழ 4,000 இனங்கள் பறவைகளின் மேல் வாழ்கின்றன.

இவற்றில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. இஸ்கினோசெரா என்ற கூட்டம் பெரும்பாலும் இறகையே தின்று வாழும். இறகிழைகளுக்கிடையே உடலைச் செருகிக்கொண்டு அசையாமல் இருக்கும். ஆம்பிளிசெரா என்ற கூட்டம் தோலுக்கு அருகே வேகமாக ஓடித் திரியும், செத்த தோல், இறகுத் துணுக்கு, சில சமயம் ரத்தம் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். காண்டர் பேன் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. இதே கூட்டத்தில் வியப்பூட்டும் வாழ்க்கைகள் இருக்கின்றன: கூழைக்கடாவின் தொண்டைப்பைக்குள் ஒட்டி வாழும் பேன் உண்டு, உள்ளான் வகையான கோட்டானின் சிறகுத் தண்டைத் துளைத்து அதன் உட்புறத்தில் குடியிருக்கும் பேனும் உண்டு.

பறவைப் பேனுக்கு வெளி உலகம் கிடையாது. ஈரை இறகில் ஒட்டி வைக்கும். அதிலிருந்து வரும் குஞ்சு மூன்று தடவை தோலுரித்து வளர்ந்த பேனாகும். இதற்கெல்லாம் சுமார் மூன்று, நான்கு வாரங்கள். பிறப்பு, உணவு, இணை, சாவு எல்லாம் அதே பறவையின் உடலில். பறவையை விட்டு விழுந்தால் சில நாட்களில் செத்துவிடும். இறக்கை இல்லாததால் வேறொரு பறவைக்குப் போக உடலோடு உடல் உரசவேண்டும். அது நடக்கும் நேரங்கள் இரண்டுதான் முக்கியம்: ஆணும் பெண்ணும் இணையும்போது, கூட்டில் பெற்றோரும் குஞ்சும் ஒட்டிக்கிடக்கும்போது. சில இஸ்கினோசெரா பேன்கள் பறவை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு வேறு பறவைக்குப் போகும். ஆம்பிளிசெரா பேன்களிடம் இந்தப் பழக்கம் மிக அரிது.

இந்த வாழ்க்கை முறையால்தான் பல பேன் இனங்கள் ஒரே பறவை இனத்தோடு கட்டுண்டு கிடக்கின்றன. காண்டர் பேனுக்கு வீடு என்று இருந்தது காண்டர் மட்டுமே.

பேனால் கெடுதல் எவ்வளவு?

இந்த நிகழ்வின் மையம் இந்தக் கேள்விதான். மருந்து போட்டவர்கள் பேன் கெடுதல் செய்யும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்?

பறவைப் பேன்களைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரிந்தது பெரும்பாலும் மாடப்புறாக்களை வைத்து நடந்த ஆராய்ச்சிகளிலிருந்து வந்தது. டேல் கிளேட்டனும் சாரா புஷ்ஷும் அவர்களுடைய குழுவினரும் அமெரிக்காவில் பல ஆண்டுகள் இதைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் காட்டிய முதல் விஷயம், பேனைக் கட்டுக்குள் வைப்பது பறவையின் அலகு. பறவை நாள்தோறும் இறகு கோதுவது அழகுக்காக மட்டுமல்ல. புறாவின் மேலலகு நுனி கீழலகைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் வளைந்து நீண்டிருக்கும். அந்த நுனியை மட்டும் தேய்த்துவிட்டுப் பார்த்தார்கள். புறா வழக்கம்போல் தீனி தின்றது, ஆனால் பேன்கள் பெருகிவிட்டன. பேனை நசுக்க அந்தச் சிறு நுனி வேண்டும் என்று 2005ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது.

கோதுதலின் வலிமை எவ்வளவு என்பதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. சாம்பல் நிறப் புறாக்களின் பேன்களை எடுத்து வெள்ளைப் புறாக்களின் மேலும் கறுப்புப் புறாக்களின் மேலும் விட்டு நான்கு ஆண்டுகள் வளர்த்தார்கள். வெள்ளைப் புறாவின் மேல் இருந்த பேன் பரம்பரை வெளிறியது, கறுப்புப் புறாவின் மேல் இருந்தது கருத்தது. கண்ணில் படும் பேனை அலகு பொறுக்கி எடுத்துவிடுகிறது, படாதது பிழைத்துப் பெருகுகிறது. நான்கே ஆண்டுகளில் கண்ணெதிரே பரிணாமம்!

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று. நலமாக இருக்கும் பறவையின் மேல் பேன் இருக்கும், கொஞ்சமாக இருக்கும். பறவைக்கு உடம்பு முடியாமல் போனால் கோத முடியாது, அப்போது பேன் பெருகும். மருத்துவரிடம் வந்து சேர்வது பெரும்பாலும் நோயுற்ற பறவைதான். அதன் மேல் பேன் மொய்ப்பதைப் பார்ப்பவருக்குப் பேனால்தான் இந்த நிலை என்று தோன்றுவது இயல்பு. காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிவிடுகின்றன.

மறுபக்கத்தையும் சரியாகச் சொல்லவேண்டும். பேன் ஒன்றுமே செய்யாது என்பது உண்மையல்ல. புறாக்களில் பேன் அளவுமீறிப் பெருகியபோது மெல்லிறகுகள் தேய்ந்து உடல் வெப்பம் வெளியேறுவதும், அதை ஈடுகட்டப் பறவை கூடுதல் சக்தி செலவழிப்பதும் 1993ல் அளந்து காட்டப்பட்டது. ஆம்பிளிசெரா பேன்கள் சில நோயையும் கடத்தும்: அன்னங்களின் இதயத்தைத் தாக்கும் ஒரு புழுவைக் கடத்துவது டிரினோட்டன் என்ற பேன். காண்டர் பேனும் அதே கூட்டம் என்பதால், 27 பறவைகளை மட்டும் கையில் வைத்திருந்த மருத்துவர்கள் பயந்ததில் வியப்பில்லை. ஒரு பறவை செத்தாலும் இனத்தின் மரபணுக்களில் ஒரு பங்கு போய்விடும் என்ற நிலை அது.

ஆனால் காண்டரைக் கொன்றது எது என்று அப்போதே நிறையத் தெரிந்திருந்தது. வேட்டைக்காரர்கள் சுட்டுப் போட்ட விலங்கின் சதையில் ஈயக் குண்டின் துணுக்குகள் கிடக்கும். காண்டர் அதைச் சதையோடு விழுங்கும். ஈய நஞ்சு நரம்பைத் தாக்க, தொண்டைக்குக் கீழே உள்ள இரைப்பை செயலிழந்து, வயிறு நிறைய உணவு கிடைத்தும் பறவை பட்டினியால் சாகும். இன்றும் காட்டில் காண்டர்களின் முதல் எதிரி ஈயம்தான். கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் வேட்டைக்கு ஈயக் குண்டுக்கான தடை முழுமையாக அமலுக்கு வந்தது 2019ல். அப்புறம் 2023ல் பறவைக் காய்ச்சல் அரிசோனா, யூட்டா பகுதிக் காண்டர் கூட்டத்தில் 21 பறவைகளைக் கொன்றது. காண்டரின் வீழ்ச்சியைப் பற்றிய இந்தக் கணக்கில் பேனுக்கு இடமே இல்லை.

இரண்டு கதவுகள்

ஒரு பேன் இனம் இவ்வளவு சுத்தமாக எப்படி அழிய முடியும்? காட்டில் நூற்றுக்கணக்கான பறவைகள் இருக்கும்போது, சிலவற்றுக்கு மருந்து போட்டால் மற்றவற்றிலிருந்து பேன் திரும்ப வரும். இங்கே திரும்ப வர இடமில்லாமல் போனது. இனத்தின் எல்லாப் பறவைகளும் பிடிக்கப்பட்டன. மருந்து ஒரு கதவை அடைத்தது.

இன்னொரு கதவும் அடைபட்டது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. காண்டர் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். முட்டையை எடுத்துவிட்டால் மறுபடியும் ஒன்று இடும் என்பதால், எண்ணிக்கையைக் கூட்ட முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரித்தார்கள். குஞ்சுகள் மனிதரோடு பழகிவிடக் கூடாதென்று, காண்டர் தலை போலச் செய்த கைப்பொம்மையை மாட்டிக்கொண்டு ஊட்டினார்கள். பறவைக்கு அது மிக நல்ல ஏற்பாடு. காட்டிலிருந்து எடுத்து வந்த முட்டையிலிருந்து முதல் குஞ்சு 1983ல் சான் டியேகோவில் வெளிவந்தது. கூண்டுக்குள்ளேயே இணைந்த ஜோடிக்குப் பிறந்த முதல் குஞ்சு மோலோகோ, 1988 ஏப்ரலில். இன்குபேட்டரில் பிறந்து பொம்மையிடம் தீனி வாங்கிய குஞ்சின் மேல் ஒரு பெற்றோரின் இறகும் படவில்லை. பேன் அடுத்த தலைமுறைக்குக் கடந்து போக இருந்த பாலம் அங்கே அறுந்தது.

மருந்தே போடாமல் இருந்திருந்தாலும் பேனின் எண்ணிக்கை இதனால் வெகுவாகக் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதற்கும் முன்பே, 1982ல் காண்டர்கள் சுமார் 22 ஆகச் சுருங்கியபோதே பேன் ஆபத்தில்தான் இருந்தது. ஓர் இனத்தின் எல்லாப் பறவைகளின் மேலும் எல்லாப் பேன் இனங்களும் இருப்பதில்லை. பறவை குறையக் குறைய, பேன் உள்ள பறவையும் பேன் இல்லாத பறவையும் சந்திப்பது அரிதாகும். வெளிநாடுகளிலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோன பறவைகளில் பல, வழியிலோ போய்ச் சேர்ந்த பிறகோ தங்கள் பேன் இனங்களில் சிலவற்றை இழந்திருக்கின்றன. பறவை அழிவதற்கு முன்னாலேயே பேன் அழியும் என்பது இதிலிருந்து தெரிகிறது. மருந்து, ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த ஓர் உயிரினத்துக்கு விழுந்த கடைசி அடி.

உண்மையிலேயே அழிந்ததா?

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பேன் அழிவைப் பற்றிய தீர்ப்புகள் முன்பு தவறிப்போயிருக்கின்றன.

வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்த பயணப் புறாவின் கடைசிப் பறவை மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. அந்தப் புறாவின் மேல் இருந்த பேனுக்கு 1937ல் பெயர் வைத்தபோது, கொலம்பிகோலா எக்ஸ்டிங்க்டஸ், அதாவது அழிந்துபோனது என்றே வைத்தார்கள். புறா போனது, பேனும் போனது என்று எல்லோரும் அதையே திரும்பச் சொன்னார்கள். 1999ல் கிளேட்டனும் பிரைஸும் (காண்டர் பேனுக்குப் பெயர் வைத்த அதே பிரைஸ்) அந்தப் பேன் மேற்கு அமெரிக்காவின் பட்டைவால் புறாவின் மேல் சுகமாக வாழ்வதைக் காட்டினார்கள்.

பயணப் புறாவின் இன்னொரு பேன் என்று சொல்லப்பட்டதற்கு வேறொரு முடிவு. காம்பனுலோட்டஸ் டிஃபெக்டஸ் என்று 1969ல் விவரிக்கப்பட்ட அது, உண்மையில் ஆஸ்திரேலியப் புறாவில் வாழும் வேறோர் இனம் என்று 2000ல் தெரிந்தது. அருங்காட்சியகப் பறவைத் தோல்களை ஒன்றோடொன்று கலந்து வைத்தால் பேன் தாவும், சீட்டு மாறும். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பப்படுகிறது. இல்லாத ஒன்று அழிந்ததாகப் பல ஆண்டுகள் பதிவாகியிருந்தது.

காண்டர் பேனுக்கும் அப்படியொரு ஒளிந்த வீடு இருக்குமா? அதே மலைகளில், அதே செத்த மாட்டைத் தின்ன வரும் வான்கோழிப் பாறு உண்டு. தீனி தின்னும் இடத்தில் இரண்டும் உரசிக்கொள்ளும். ஆனால் காண்டரைத் தவிர வேறெந்தப் பறவையிலும் கோல்போசெஃபலம் கலிஃபோர்னிசி பதிவானதில்லை. அதனால்தான் அழிந்த இனங்களின் பட்டியலில் அது நிற்கிறது. லாயோஷ் ரோஜா, ஜோல்தான் வாஷ் என்ற ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2015ல் ஓரிக்ஸ் இதழில் பேன் அழிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பல பழைய கதைகளைத் தள்ளிவிட்டார்கள். காண்டர் பேனை அவர்கள் தள்ளவில்லை. பாதுகாப்பு முயற்சியால் அழிந்தவை என்று அவர்கள் குறித்தவற்றில் நியூசிலாந்தின் சிறு புள்ளிக் கிவியின் பேனும் ஒன்று.

போனது என்ன?

ஒரு பேன் போனால் என்ன என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, பதில் இருக்கிறது.

பேன், பறவையின் வம்ச வரலாற்றைச் சுமக்கிறது. பறவை இனம் இரண்டாகப் பிரிந்தால் அதன் பேனும் பெரும்பாலும் பிரியும். பேன் பறவையைவிட வேகமாகத் தலைமுறை மாறுவதால், அதன் மரபணுக்களில் அண்மை நிகழ்வுகள் கூடத் தெளிவாகப் பதியும். அமெரிக்கப் பாறுகள் நாரைகளுக்கு நெருக்கமா, பருந்து, கழுகுகளுக்கு நெருக்கமா என்று பறவையியலாளர்கள் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். 1990களில் நாரைப் பக்கம் சாய்ந்தார்கள், பிறகு மரபணு ஆய்வுகள் கழுகுப் பக்கம் திருப்பின. இந்த மாதிரி வழக்கில் பேன் ஒரு சாட்சி. பூநாரையும் வாத்தும் ஒரே மாதிரிப் பேன்களைச் சுமப்பதைப் பார்த்து அவை உறவு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பூநாரைக்கு நெருங்கிய சொந்தம் முக்குளிப்பான் என்று பின்னால் தெரிந்தது, பேன்கள் இடம் தாவியிருந்தன. சாட்சி சில சமயம் குழப்பும், ஆனால் குழப்பத்திலும் யாரோடு யார் ஒரே நீரில் கிடந்தார்கள் என்ற செய்தி இருக்கிறது. காண்டரின் சாட்சியிடம் இனி கண்ணாடித் தகட்டில் ஒட்டிய பழைய மாதிரிகள் வழியாக மட்டும்தான் கேட்க முடியும். அது எவ்வளவு வேகமாக ஓடியது, தலையில் வாழ்ந்ததா வயிற்றில் வாழ்ந்ததா, ரத்தம் குடித்ததா, எதையும் இனி உயிரோடு பார்க்க முடியாது. மொட்டைத் தலைக் காண்டரின் உடலில் பேன் எங்கே ஒளியும் என்ற கேள்வி ஒன்றே எனக்குப் போதும், அதற்கு ஒரு வாழ்நாள் ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்கும்.

அப்புறம், இதில் அடிப்படையான ஒன்று இருக்கிறது. காண்டரைக் காப்பாற்றியவர்கள் அதை இன்ன பயனுக்காகக் காப்பாற்றவில்லை. ஓர் உயிர்வகை அழியக் கூடாது என்பதே காரணம். அந்தக் காரணம் பேனுக்கும் அப்படியே பொருந்தும். 2004ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கணக்கு, ஆபத்தில் உள்ள இனங்களைச் சார்ந்து வாழ்வதால் தாங்களும் ஆபத்தில் உள்ள இனங்கள் சுமார் 6,300 என்றது. அவற்றில் ஒட்டுண்ணிகள் நிறைய. அவற்றுக்காக வாதாட ஆள் குறைவு.

அடுத்த முறை

ஒட்டுண்ணிகளுக்கான உலகளாவிய பாதுகாப்புத் திட்டம் ஒன்றை 2020ல் விஞ்ஞானிகள் முன்வைத்தார்கள். கருத்து மெல்ல மாறுகிறது. நம் நாட்டிலேயே ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது: அசாமின் குள்ளப் பன்றியின் மேல் மட்டும் வாழும் பேன், ஹெமட்டோபைனஸ் ஆலிவெரி, உலகச் செம்பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகத் தனிப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. ரத்தம் உறிஞ்சும் வகைதான், ஆனாலும் பட்டியலில் ஏற்றினார்கள். குவாஹாத்தி அருகே குள்ளப் பன்றிகளைக் கூண்டில் வளர்த்துக் காட்டில் விடும் வேலை நடக்கிறது. ஹரியானாவின் பிஞ்சோரில் பாறு கழுகுகளையும் அப்படி வளர்க்கிறார்கள். காண்டரின் அனுபவம் இந்த இரண்டு இடங்களுக்கும் நேரடியாகப் பொருந்தும்.

நடைமுறையில் என்ன செய்வது? என் கருத்து இது. மருந்து வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லமாட்டேன். எழ முடியாமல் கிடக்கும் குஞ்சின் மேல் பேன் மொய்த்தால் மருந்து போடத்தான் வேண்டும். கூண்டுகளில் வேறு பறவைகளின் பேன் தாவி வந்தால் அதையும் நீக்கவேண்டும். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு பறவைக்கும் வந்த அன்றே, பேனைப் பார்க்காமலே மருந்து தூவுவது நிற்கவேண்டும். முதலில் என்ன பேன் என்று தெரியவேண்டும். அது அந்தப் பறவைக்கே உரியதா, வேறெங்கும் வாழாததா என்று ஒரு பேன் நிபுணரிடம் கேட்கவேண்டும். உரியது என்றால், நலமாக உள்ள சில பறவைகளையாவது மருந்து போடாமல் விடவேண்டும். பெற்றோரே வளர்க்கும் குஞ்சுகள் சிலவாவது இருக்கவேண்டும். பறவைக்கும் அது நல்லது, பேனுக்கும் வழி கிடைக்கும். காட்டில் விடும் பறவைகளில் சில பேனோடு போகட்டும், அதன் பிறகு அவற்றைப் பிடிக்கும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கட்டும்.

மருந்து போட்டே ஆகவேண்டிய பறவைக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உதிரும் பேன்களை வெள்ளைத் தாளின் மேல் விழவைத்துப் பொறுக்கி, 95 சதவீத எத்தனாலில் போட்டு, உறைகுளிரில் வைக்கவேண்டும். குப்பியோடு ஒரு சீட்டு: எந்தப் பறவை, அதன் வளையம் எண், எந்தத் தேதி, உடலில் எந்த இடத்திலிருந்து எடுத்தது. பென்சிலால் எழுதுங்கள், மை ஆல்கஹாலில் கரையும்.